‘இந்தக் கோடு ஏன் இங்கே?’: கிராஃபிக் டிசைன் மாணவர்களுக்கு ஒரு போர்ட்ஃபோலியோ வழிகாட்டி

செய்த வேலைகளைத் தொகுத்துக் காட்டும் என் முதல் போர்ட்ஃபோலியோவில் 23 வேலைகள் இருந்தன. இரண்டாம் ஆண்டு முடிந்த கையோடு இன்டர்ன்ஷிப் கேட்டுப் போன இடத்தில், எதிரே உட்கார்ந்திருந்த சீனியர் டிசைனர் முதல் மூன்று பக்கங்களைப் பேசாமல் புரட்டினார். நாலாவது பக்கத்தில் ஒரு இசை நிகழ்ச்சிக்கான போஸ்டர். தலைப்புக்கும் தேதிக்கும் நடுவே மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று போட்டிருந்தேன். அதன்மேல் விரலை வைத்து, “இந்தக் கோடு ஏன் இங்கே?” என்று கேட்டார். “அந்த இடம் கொஞ்சம் வெறுமையா இருந்துச்சு” என்றேன். அவர் தலையாட்டிவிட்டு மீதிப் பக்கங்களை மளமளவென்று தள்ளினார். மொத்தமே ஐந்து நிமிடம் ஆகியிருக்காது.

அன்று இரவு 23 வேலைகளையும் திறந்து வைத்துக்கொண்டு அதே கேள்வியை நானே கேட்டுப் பார்த்தேன். இந்த எழுத்துரு ஏன்? இந்த நீலம் ஏன்? இந்தப் படம் ஏன் இடது பக்கம்? தெளிவாகப் பதில் சொல்ல முடிந்தவை ஆறுதான். இப்போது கடைசி ஆண்டில் இருக்கிறேன். அதற்குள் மூன்று முறை போர்ட்ஃபோலியோவைக் கலைத்துக் கட்டியாகிவிட்டது. நாலாவது முறையாக முதலிலிருந்து தொடங்கினால் என்ன வரிசையில் செய்வேனோ, அந்த வரிசையில்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

1. மென்பொருளைத் திறப்பதற்கு முன் முப்பது விளம்பரங்கள்

ஒரு மாலை நேரத்தை ஒதுக்கி, படித்ததும் ‘இந்த வேலை கிடைத்தால் நன்றாக இருக்குமே’ என்று தோன்றுகிற வேலை விளம்பரங்கள் முப்பதைச் சேர்த்து வையுங்கள். நமக்குத் தகுதி இருக்கிறதா, எத்தனை வருட அனுபவம் கேட்கிறார்கள் என்பதையெல்லாம் இப்போதைக்கு விட்டுவிடலாம். ‘என்ன செய்ய வேண்டும்’ என்ற பகுதியை மட்டும் படித்து, திரும்பத் திரும்ப வருகிற சொற்களை அடிக்கோடிடுங்கள். நான் செய்தபோது பேக்கேஜிங், தகவல் வடிவமைப்பு, அறிவிப்புப் பலகை என்று ஒரு பக்கமாகவே சாய்ந்தது. என் 23 வேலைகளிலோ 11 போஸ்டர். போக வேண்டிய ஊர் ஒன்று, கையில் இருந்த டிக்கெட் வேறொன்று.

எங்கே போகிறோம் என்பதைப் பொறுத்துப் பார்ப்பவரின் கண் மாறும். விளம்பர ஏஜென்சிகளில் ஒரே யோசனையை போஸ்டர், சமூக ஊடகம், பேனர், வீடியோ முகப்பு என்று எத்தனை வடிவத்துக்கு நீட்ட முடியும் என்று பார்ப்பார்கள். நிறுவனத்துக்கு உள்ளேயே இருக்கும் இன்-ஹவுஸ் குழுவில், ஏற்கெனவே உள்ள பிராண்ட் விதிகளுக்குள் சலிக்காமல் வேலை செய்வீர்களா என்பதுதான் கேள்வி. ஆப், இணையதளம் என்று திரை சார்ந்த வேலைக்கு, ஒரு பயனர் எங்கே தடுக்கி விழுந்தார், அதை எப்படிச் சரிசெய்தீர்கள் என்ற கதை வேண்டும். பதிப்புத் துறையென்றால் அழகான அட்டை ஒன்று மட்டும் போதாது. அட்டவணையும் அடிக்குறிப்பும் மண்டிக் கிடக்கும் உள்பக்கம் ஒன்றைச் சுத்தமாக அடுக்கிக் காட்டுங்கள். எழுத்தமைப்பு தெரிந்தவர்கள் அங்கேதான் நின்று பார்ப்பார்கள்.

வாழ்நாள் முழுவதற்குமான முடிவாக இதை எடுக்க வேண்டாம். அடுத்த ஒரு வருடத்துக்கு எந்தக் கதவைத் தட்டப் போகிறோம் என்று தெரிந்தால் போதும்.

2. கொட்டிக் குவித்து, பிறகு கழிப்பது

முதல் ஆண்டிலிருந்து செய்த எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் கொட்டுங்கள். வகுப்பு வேலை, போட்டிக்கு அனுப்பித் தோற்றது, நண்பனுக்காக இலவசமாகச் செய்து கொடுத்தது, பாதியில் நின்றது, எல்லாம். ஒவ்வொன்றையும் சீட்டுக்கட்டு அளவுக்கு அச்செடுத்துத் தரையில் பரப்புங்கள். திரையில் வேண்டாம், தரையில்தான். எல்லாவற்றையும் ஒரே பார்வையில் பார்க்கும்போதுதான் நம் பழக்கங்கள் கண்ணில் படும். என் வேலைகளில் ஏழில் ஒரே சாய்வெழுத்துத் தலைப்பு. அதுவரை எனக்கே தெரியாது.

இனி ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, ‘இன்னாருக்கு இன்ன பிரச்சினை இருந்தது, நான் இதைச் செய்தேன், அதனால் இது மாறியது’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். நடுவில் நாக்கு தடுமாறினால் அந்த வேலை ஓரமாகப் போகட்டும். கைவிட மனசு வராத வேலைதான் பெரும்பாலும் முதலில் போக வேண்டியது. ராத்திரி பகலாக உழைத்தோம் என்பது நமக்கு மட்டும் தெரிந்த விஷயம், பக்கத்தில் அது எங்கேயும் தெரியாது.

ஆறிலிருந்து எட்டு வேலை நிற்கட்டும். ஐந்துதான் தேறியது என்றால் ஐந்தே வையுங்கள். நன்றாக இருக்கும் ஏழுக்குப் பின்னால் சுமாரான ஒன்றைச் சேர்த்தால், ‘இவருக்கு எது நல்லது, எது சுமார் என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை’ என்ற எண்ணம்தான் வரும். வரிசைக்கு ஒரு எளிய வழி உண்டு: ஆகச் சிறந்தது முதலில், அதற்கு அடுத்தது கடைசியில், மற்றவை நடுவே. முதலாவதைத் தாண்டாமலே மூடிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், கடைசி வரை புரட்டுகிறவர்கள் கடைசியில் பார்த்ததை மனதில் வைத்துக்கொண்டு எழுந்து போகிறார்கள்.

3. ஓட்டையை அடைக்க நாமே ஒரு வேலை

கழித்த பிறகு ஓட்டைகள் தெரியும். எனக்குத் தகவல் வடிவமைப்பில் ஒன்றுகூட இல்லை. கிளையன்ட் வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை, நாமே ஒரு பிரச்சினையைத் தேடிப் பிடிக்கலாம்.

இங்கேதான் நிறையப் பேர் உலகப் புகழ்பெற்ற பிராண்ட் ஒன்றின் லோகோவை மாற்றி வரைய உட்கார்ந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அந்த நிறுவனத்துக்குள் என்ன சிக்கல் என்று நமக்குத் தெரியாது, நம் வடிவம் வேலை செய்கிறதா என்று சோதிக்கவும் வழியில்லை. கடைசியில் ‘என் கண்ணுக்கு இது இன்னும் அழகு’ என்பதைத் தவிரச் சொல்ல எதுவும் மிஞ்சாது.

அதைவிட, கண்ணெதிரே யாராவது திண்டாடுகிற விஷயத்தை எடுங்கள். லண்டன் சுரங்க ரயில் வரைபடம் அப்படிப் பிறந்ததுதான். ஹாரி பெக் அந்த ரயில்வேயின் சிக்னல் அலுவலகத்தில் படம் வரைபவராக இருந்தவர். 1931இல் யாரும் கேட்காமலே, ஓய்வு நேரத்தில், உண்மையான தூரங்களை ஒதுக்கிவிட்டு மின்சுற்று வரைபடம்போல நேர்கோடுகளும் சாய்கோடுகளுமாக அதை வரைந்தார். முதலில் நிராகரித்தார்கள். 1933இல் அச்சானபோது பயணிகள் உடனே எடுத்துக்கொண்டார்கள். இறங்க வேண்டிய நிலையம் எது, எங்கே வண்டி மாறுவது, அவ்வளவுதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது. பெக் அதை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைத் தூக்கி எறிந்தார்.

எனக்குக் கிடைத்த பிரச்சினை வீட்டுக்குள்ளேயே இருந்தது. தாத்தா ஒரு நாளைக்கு ஐந்து மாத்திரை சாப்பிடுகிறார். அதில் இரண்டு பார்க்க ஒரே மாதிரி. ஒரு வாரத்தில் இரண்டு தடவை காலை மாத்திரையை இரவில் போட்டுக்கொண்டார். எந்த மாத்திரை எப்போது என்று காட்டும் ஒரு மாத்திரை அட்டையை அவருக்காகச் செய்யத் தொடங்கினேன். பாதி செய்து முடித்த பிறகுதான் டெபோரா ஆட்லர் பற்றித் தெரிந்தது. அவர் நியூயார்க்கில் டிசைன் முதுகலை மாணவியாக இருந்தபோது, அவருடைய பாட்டி தவறுதலாகத் தாத்தாவின் மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டார். அதிலிருந்து தொடங்கி மருந்துக் குப்பியையே ஆட்லர் புதிதாக வடிவமைத்தார். மருந்தின் பெயர் பெரிதாக, லேபிளுக்குத் தட்டையான முகப்பு, குடும்பத்தில் ஆளுக்கொரு நிற வளையம். 2002இல் மாணவர் ஆய்வாக இருந்த அது, 2005இல் அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் உள்ள மருந்தகங்களில் விற்பனைக்கு வந்தது. ‘ஐயோ, ஏற்கெனவே ஒருவர் செய்துவிட்டாரே’ என்று ஒரு நாள் சோர்ந்து கிடந்தேன். அப்புறம் யோசித்தால், என் தாத்தாவுக்கு அந்தக் குப்பி கிடைக்கப் போவதில்லை.

4. வேலையின் கதையை எழுதுவது

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவழியுங்கள். நான் முதல் தடவை மாத்திரை அட்டையைப் பற்றி எழுதியது இப்படி இருந்தது:

“முதியோருக்கான மருந்து அட்டவணை. எளிமையான, நவீனமான வடிவமைப்பு. மென்மையான வண்ணங்களும் தெளிவான சின்னங்களும் பயன்படுத்தப்பட்டுள்ளன.”

இதை எந்த வேலைக்குக் கீழே வேண்டுமானாலும் ஒட்டலாம். எளிமை, நவீனம், தெளிவு என்பவை பார்ப்பவர் சொல்ல வேண்டியவை, நாம் சொன்னால் எடுபடாது. மூன்றாவது தடவை எழுதியது இது:

“தாத்தாவுக்கு 78 வயது. இரண்டு வெள்ளை மாத்திரைகளை மாற்றிப் போட்டுக்கொள்கிறார். முதல் அட்டையில் காலைக்குப் பச்சை, இரவுக்கு நீலம் கொடுத்தேன். அவருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிந்தன. வயதாகும்போது கண் லென்ஸ் மஞ்சளாவதால் நீலத்தையும் பச்சையையும் பிரிப்பது கடினமாகிறது என்று பிறகு படித்தேன். இரண்டாவது அட்டையில் நிறத்தை நம்பாமல் வடிவத்தை நம்பினேன்: காலைக்கு வெள்ளை வட்டம், இரவுக்கு முழுக் கருப்புக் கட்டம். சரியாகப் பிரித்தார். ஆனால் அட்டையைக் கையில் பிடித்தபோது அவர் கட்டைவிரல் இடது கீழ் மூலையில் இருந்த இரவு வரிசையின் பாதியை மறைத்தது. மூன்றாவது அட்டையில் அந்த மூலையில் விரல் வைக்க இடம் விட்டேன்.”

கூடவே மூன்று படங்கள்: தோற்றுப்போன முதல் அட்டை, கட்டைவிரல் மறைக்கும் புகைப்படம், இப்போதைய அட்டை. பின்னால் நேர்காணல்களில் எல்லோரும் நின்றது அந்தக் கட்டைவிரல் படத்தில்தான். வெளிச்சம் சரியில்லாத, மொபைலில் எடுத்த, கொஞ்சம் மங்கலான படம். ஒருவர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, தன் அம்மாவின் கண்ணாடிக் கூட்டைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார்.

எழுதும்போது நான் கேட்டுக்கொள்கிற கேள்விகள்: யாருக்காக? என்ன தடை? காலம், காகிதம், நிறங்களின் எண்ணிக்கை என்று என்ன கட்டுப்பாடு? முதலில் எதை முயன்று தோற்றேன்? எதைப் பார்த்து மனம் மாறினேன்? இப்போது பார்த்தால் எதை மாற்றுவேன்? எல்லாவற்றுக்கும் பதில் எழுத வேண்டியதில்லை. தோற்றது எது என்பதற்கு மட்டும் கட்டாயம் பதில் இருக்கட்டும். ஒரு வேலைக்கு 150 சொல் தாண்டினால் யாரும் படிக்க மாட்டார்கள். படங்களுக்குக் கீழே ஒற்றை வரிக் குறிப்பு வைப்பது நல்லது, அவசரத்தில் புரட்டுகிறவர்கள் அதை மட்டும்தான் படிப்பார்கள்.

அமெரிக்க லோகோ வடிவமைப்பாளர் பால் ரேண்ட் 1986இல் ஸ்டீவ் ஜாப்ஸின் நெக்ஸ்ட் கணினி நிறுவனத்துக்கு லோகோ செய்து கொடுத்தார். கட்டணம் ஒரு லட்சம் டாலர். பல மாதிரிகள் தரமாட்டேன், ஒன்றுதான் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அந்த ஒன்றோடு, எழுத்து ஏன் இப்படி, சாய்வு ஏன் இத்தனை டிகிரி என்று படிப்படியாக விளக்கும் ஒரு சிறு புத்தகத்தையும் அச்சிட்டுக் கொண்டுபோனார். நாம் பால் ரேண்ட் இல்லை, கிளையன்ட்டிடம் அப்படி முறுக்கிக்கொள்ளவும் முடியாது. ஆனால் ஒரே வடிவத்தோடு போய் உட்கார அவருக்குத் தைரியம் கொடுத்ததில் அந்தப் புத்தகத்துக்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

இதிலேயே இரண்டு நேர்மை விஷயம். குழுவாகச் செய்த வேலை என்றால் உங்கள் பங்கு எது என்று எழுதிவிடுங்கள்: ‘சின்னங்களும் அட்டவணையும் என்னுடையவை. படங்கள், எழுத்துரு தேர்வு இரண்டும் நண்பருடையவை’. அதே வேலையை அந்த நண்பரும் அதே இடத்துக்கு அனுப்பியிருக்கலாம். செயற்கை நுண்ணறிவில் உருவாக்கிய படம் ஏதாவது இருந்தால் அதையும் குறிப்பிடுங்கள். கேட்ட பிறகு சொல்வதைவிடக் கேட்பதற்கு முன் எழுதியிருப்பது எவ்வளவோ மேல்.

மாக்-அப் (நம் வேலையை நிஜப் பொருளில் பதித்ததுபோலக் காட்டும் ஆயத்தப் படம்) பற்றியும் ஒரு வார்த்தை. பளபளக்கும் காபிக் கோப்பை, மிதக்கும் விசிட்டிங் கார்டு என்று இலவசமாகக் கிடைக்கும் அதே பத்து மாக்-அப்களைத்தான் எல்லோரும் போடுகிறோம். தேர்வு செய்பவர்கள் அந்தக் கோப்பையை ஆயிரம் தடவை பார்த்திருப்பார்கள். உண்மையாக அச்செடுத்து, மடித்து, கையில் பிடித்து, ஜன்னல் ஓரத்தில் படம் எடுங்கள். அச்செடுக்கும்போதுதான் எட்டுப் பாயின்ட் அளவிலான சின்ன எழுத்து படிக்க முடியவில்லை என்பதும் தெரியவரும்.

5. இணையதளமும் பிடிஎஃபும்

இரண்டும் வேண்டும். இணையதளம் தேடி வருகிறவர்களுக்கு, பிடிஎஃப் நாம் தேடிப் போகிறவர்களுக்கு. டிசைனர்கள் தங்கள் வேலையைக் காட்டும் பிஹான்ஸ், டிரிபிள் போன்ற தளங்களில் கணக்கு வைத்திருப்பது நல்லதுதான், ஆனால் அங்கே உங்கள் வேலைக்குப் பக்கத்திலேயே வேறொருவரின் வேலை மின்னிக்கொண்டிருக்கும். உங்கள் பெயரில் ஒரு முகவரி, அதில் ஒரே பக்கம் இருந்தாலும் போதும்.

தளத்தைத் திறந்ததும் வேலை தெரிய வேண்டும். பெயர் எழுத்தெழுத்தாக அசைந்து வந்து, ‘உள்ளே நுழைய அழுத்தவும்’ என்று கேட்டு, அதன் பிறகு மெனு விரிகிற தளம் ஒன்றை நானும் கட்டினேன். என் மொபைலிலேயே அது திறக்க ஒன்பது நொடி ஆனது. படங்களின் நீளப் பக்கம் 2000 பிக்சல் இருந்தால் போதும், வண்ணம் திரைகளுக்கான எஸ்ஆர்ஜிபி முறையில் இருக்கட்டும். பின்னணிக்கும் எழுத்துக்கும் உள்ள ஒளி வேறுபாடு குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும் என்பது இணைய அணுகல் விதிமுறை. மெல்லிய சாம்பல் நிறத்தில் எழுதுவது நம் கூட்டத்தின் வியாதி, அதைச் சோதிக்க இலவசக் கருவிகள் நிறைய இருக்கின்றன.

பிடிஎஃப் கிடைமட்டமாக, 15 முதல் 20 பக்கம், 10 எம்பிக்குள். கோப்புக்கு ‘போர்ட்ஃபோலியோ-ஃபைனல்-ஃபைனல்-2’ என்று பெயர் வைத்து அனுப்பினால் அங்கேயே பாதி கதை முடிந்தது. உங்கள் பெயர், துறை, ஆண்டு போதும். ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் பெயரும் மின்னஞ்சலும் சிறிதாக இருக்கட்டும். ஒரு பக்கத்தை மட்டும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து மற்றவருக்கு அனுப்புகிறவர்கள் உண்டு.

கையில் எடுத்துப் போக அச்சுப் பிரதி வேண்டுமென்றால் அச்சுக்கான சிஎம்ஒய்கே வண்ண முறைக்கு மாற்றி, 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி), சுற்றிலும் 3 மில்லிமீட்டர் ப்ளீட் (வெட்டும்போது போகும் கூடுதல் ஓரம்) விட்டுக் கொடுங்கள். திரையில் கண்ணைப் பறிக்கும் பச்சையும் ஆரஞ்சும் அச்சில் சோம்பிப்போய்தான் வரும். நேர்காணலுக்கு முந்தைய நாள் அதைப் பார்த்து அதிராமல் இருக்க, ஒரு வாரம் முன்னாலேயே ஒரு பக்கம் சோதனை அச்சு எடுங்கள்.

எழுத்துரு உரிமம்: சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும் இலவசம் என்று கிடைத்த எழுத்துருவைக் காசு வாங்கிச் செய்த வேலையில் போடக்கூடாது. திறந்த உரிமத்தில் வருகிற நல்ல எழுத்துருக்கள் இப்போது ஏராளம். எழுத்துப் பிழை பார்க்க, கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படியுங்கள். அப்படிப் படித்தபோதுதான் என் சொந்தப் பெயருக்குக் கீழேயே ‘வடிவைமப்பாளர்’ என்று இருந்ததைக் கண்டுபிடித்தேன்.

6. பெர்சனல் பிராண்டிங் என்று மூன்று மாதம் வீணானது

எனக்கென்று ஒரு லோகோ செய்ய மூன்று மாதம் எடுத்துக்கொண்டேன். பெயரின் முதலெழுத்தை வளைத்து, நெளித்து, 140 ஸ்கெட்ச். முடிவில் வந்ததை இப்போது எங்கேயும் பயன்படுத்துவதில்லை. நமக்கு நாமே கிளையன்ட்டாக இருப்பதுபோல் கொடுமை வேறில்லை. என்ன வேண்டும் என்று சொல்லும் பிரீஃப் கிடையாது, கெடு கிடையாது, போதும் என்று சொல்ல ஆளும் கிடையாது.

மாணவருக்கு லோகோ தேவையில்லை. பெயரை ஒரு நல்ல எழுத்துருவில், இடைவெளி பார்த்து அடித்தால் அதுவே போதும். ஒரு எழுத்துருக் குடும்பம், ஒரு அழுத்தமான நிறம், ஒரே கிரிட் (பக்கத்தைப் பிரிக்கும் கட்டக் கோடுகள்). இதே மூன்றும் தளத்திலும் பிடிஎஃபிலும் பயோடேட்டாவிலும் வரட்டும். பயோடேட்டாவில் மென்பொருள் திறமையை ‘ஃபோட்டோஷாப் 85 சதவீதம்’ என்று பட்டை போட்டுக் காட்டாதீர்கள். எதில் 85 சதவீதம் என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை.

பிறகு, எல்லாத் தளங்களிலும் ஒரே பயனர் பெயர். பன்னிரண்டாம் வகுப்பில் உருவாக்கிய விளையாட்டுத்தனமான மின்னஞ்சலுக்கு ஓய்வு கொடுங்கள். உங்களைப் பற்றி ஒரே வரி எழுதுங்கள். நான் முதலில் ‘படைப்பாற்றல் மிக்க, ஆர்வமுள்ள காட்சிக் கதைசொல்லி’ என்று எழுதியிருந்தேன். நினைத்தால் இன்னும் கூச்சமாக இருக்கிறது. இப்போது இருப்பது: ‘குழப்பமான தகவலை அட்டை, பலகை, பேக்கேஜிங்கில் படிக்கும்படி செய்கிறேன்.’ இதைப் படித்துவிட்டு என்னை ஒருவரும் திருமணப் பத்திரிகை செய்யக் கூப்பிடவில்லை. அதுதான் அந்த வரியின் வேலையும்கூட: பொருந்தாத வேலைகளை வாசலிலேயே திருப்பி அனுப்புவது.

இன்ஸ்டாகிராமில் தினமும் போட வேண்டுமா? தேவையில்லை. முடிந்த வேலையைவிட, நடுவில் தடுமாறிய படங்களுக்கு எனக்கு நல்ல உரையாடல் கிடைத்தது. வாரம் ஒன்று போதும், அதுவும் சொல்ல ஏதாவது இருந்தால்.

உண்மையில் பெயர் உருவாவது வேறு இடத்தில். எனக்கு வந்த முதல் கட்டண வேலை, கல்லூரிக் குழு வேலையில் என்னோடு இருந்த சீனியர் சொல்லி வந்தது. என் டிசைன் அவருக்கு ஞாபகம்கூட இல்லை. “நீ சொன்ன நேரத்துக்கு ஃபைல் அனுப்பினே, லேயருக்கெல்லாம் பேர் வெச்சிருந்தே” என்றார்.

7. அனுப்புவது, எதிரே உட்காருவது

ஒரே மின்னஞ்சலை ஐம்பது பேருக்கு அனுப்புவதைவிட, ஐந்து பேருக்குத் தனித்தனியாக எழுதுங்கள். பொருள் வரியில் பெயரும் எந்த வேலைக்கு என்பதும். உள்ளே நாலே நாலு விஷயம்: யார், அவர்கள் செய்ததில் எந்த வேலையை ஏன் கவனித்தீர்கள், உங்கள் வேலைகளில் அவர்களுக்குப் பொருந்தும் ஒன்று, தளத்தின் முகவரி. ‘தங்கள் மதிப்புமிக்க நிறுவனத்தில்’ என்று தொடங்கினால் அது ஐம்பது பேருக்குப் போன கடிதம் என்று உடனே தெரிந்துவிடும். பத்து நாள் பதில் இல்லை என்றால் ஒரு முறை நினைவூட்டலாம். அதற்கு மேல் வேண்டாம்.

நேர்காணலுக்கு முன், மூன்று வேலைகளைத் தலா மூன்று நிமிடத்தில் சொல்லிப் பழகுங்கள். கண்ணாடி முன்னால் அல்ல, டிசைன் தெரியாத ஒருவர் முன்னால். நான் அம்மாவை உட்கார வைத்தேன். ‘விஷுவல் ஹையரார்க்கி’ என்று ஆரம்பித்ததும், “அப்படின்னா என்ன?” என்றார். “எதை முதல்ல பார்க்கணும், எதை அப்புறம் பார்க்கணும்ங்கிற வரிசைம்மா” என்றேன். “அதையே சொல்லேன்” என்றார். இப்போது நேர்காணலிலும் அதையே சொல்கிறேன்.

‘ஏன்’ என்ற கேள்விக்கு எப்போதும் பதில் இருக்காது. இல்லாதபோது காரணத்தை அங்கேயே ஜோடிக்காதீர்கள். “அப்போது யோசிக்கவில்லை. இப்போது பார்த்தால் எடுத்துவிடலாம் என்று தோன்றுகிறது” என்றால் பேச்சு அங்கிருந்து நகரும். நாமும் கேட்க வேண்டும்: யாருக்குக் கீழே வேலை, வேலைக்குக் கருத்து சொல்வது யார், போன இன்டர்ன் என்ன செய்தார்.

சோதனை வேலை கொடுத்தால் எத்தனை மணி நேரத்து வேலை என்று கேளுங்கள். கற்பனையான பிரீஃப், சில மணி நேரம் என்றால் சரி. அவர்களுடைய உண்மையான கிளையன்ட்டுக்கு முழு லோகோவும் மூன்று மாதிரியும் என்றால், அது சோதனை இல்லை, இலவச வேலை.

8. காசும் காகிதமும்

1971இல் போர்ட்லண்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் கிராஃபிக் டிசைன் மாணவியாக இருந்த கரோலின் டேவிட்சன், நைக்கியின் அந்த வளைந்த சின்னத்தை வரைந்து 35 டாலருக்குப் பில் கொடுத்தார். 1983இல் நிறுவனம் அவரைக் கூப்பிட்டு, சின்னம் பதித்த மோதிரமும் பங்குகளும் கொடுத்தது. நல்ல முடிவுதான். ஆனால் 12 வருடம் கழித்துக் கூப்பிடுவார்கள் என்று நம்பி யாரும் வேலை எடுக்க முடியாது.

சின்ன வேலையானாலும் ஒரு பக்கம் எழுதி வாங்கிவிடுங்கள். என்னென்ன கொடுக்கப் போகிறோம், எத்தனை முறை திருத்தம், எப்போது முடியும், பாதித் தொகை முன்பணம், மூலக் கோப்பு சேருமா சேராதா. இன்னொரு வரியை மாணவர்கள் மறந்துவிடுகிறோம்: ‘இந்த வேலையை என் போர்ட்ஃபோலியோவில் காட்டலாம்.’ அந்த வரி இல்லாததால் நான் செய்ததிலேயே நல்ல பேக்கேஜிங் ஒன்றை இன்றுவரை யாருக்கும் காட்ட முடியவில்லை. ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட வேலையைக் கடவுச்சொல் வைத்துக்கூடக் காட்டக் கூடாது, எழுத்துப்பூர்வமாக அனுமதி வாங்காமல்.

9. மூன்று மாதத்துக்கு ஒருமுறை

நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அன்று எல்லா இணைப்பையும் அழுத்திப் பாருங்கள், ஒரு வேலையை எடுத்துவிட்டு ஒன்றைச் சேர்க்க முடியுமா என்று பாருங்கள். சேர்க்க எதுவும் இல்லையென்றால் பழைய வேலை ஒன்றின் கதையைத் திருத்தி எழுதுங்கள்.

போன மாதம் நான் அப்படி உட்கார்ந்தபோது மாத்திரை அட்டையைப் புதிதாகப் படம் எடுக்கலாம் என்று தாத்தாவிடம் வாங்கிப் பார்த்தேன். டாக்டர் ஒரு மாத்திரையை நிறுத்திவிட்டு வேறொன்று எழுதியிருக்கிறார். தாத்தா நீலப் பேனாவால் பழைய பெயரை அடித்து, அவருக்காக விட்டிருந்த கட்டைவிரல் இடத்தில் புதிய பெயரைக் கோணல்மாணலாக எழுதி வைத்திருந்தார். “இங்கதான் எடம் இருந்துச்சு” என்றார். அப்படியே படம் எடுத்துத் தளத்தில் போட்டுவிட்டேன். நாலாவது அட்டையில் மருந்து மாறினால் எழுத ஒரு காலி வரிசை வரப் போகிறது, விரலுக்கு வேறு மூலை பார்க்க வேண்டும்.